சீப்புக் கட்டடத்து ஜன்னல்

அத்தியாயம் 9

கட்டட முதலாளி கௌதம்ராஜ் மறுபடியும் போனைத் துண்டித்தபோது, அந்தப் போனை ரோட்டோரச் சாக்கடையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது ஜெயக்கொடிக்கு.

"சாவி தர மாட்டேன்னுட்டாரா?" என்றான் அவளுடைய உதவியாள் ஆசிக், பைக்கில் சாய்ந்தபடி.

"கட்டடம் ரொம்ப மோசமா இருக்காம். இடிஞ்சு விழுந்து நமக்கு ஏதாவது ஆயிட்டா அவரு மனசு தாங்காதாம்."

"எம்புட்டு இளகின மனசு. அன்னைக்கு அவரு ஆபீஸ்ல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். தண்ணி வேணுமான்னு கேக்கல."

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாரம் முழுக்க இதே கதைதான். இன்ஸ்பெக்டரைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனால் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார். ரவுண்ட்ஸ் போன இடத்துக்குப் போனால் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார். ஒரே சாட்சியான காதர் பாயின் மெத்தைக் கடைக்கு எப்போது போனாலும் அவர் தம்பி ஃபயாஸ்தான் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம் பிடிக்கிற வேலையில் பேரெடுத்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் ஜெயக்கொடி. பொய் சொல்கிறவர்களைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். ஆளே அகப்படாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ராபர்ட்டின் ஜாமீன் மனு வருகிறது.

ராபர்ட் ஒரு ஆர்க்கிடெக்ட். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். எதிரே பூட்டிக் கிடக்கும் இந்தச் சீப்புக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசி, படம் வரைந்து, கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டி, பத்திரிகையில் போட்டோ வரும் அளவுக்குப் பெயர் வாங்கியவன். போன மாதம் ஒரு சாயங்காலம், கட்டடத்தின் வாட்ச்மேன் மலைச்சாமி மாடி நடையிலிருந்து கீழே மெஷின் குழியில் விழுந்தார். மதுரை பெரியாஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்காமல் கிடக்கிறார். 'ராபர்ட் அவரைப் பிடித்துத் தள்ளியதை என் கடை வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன்' என்று எதிர்வரிசைக் காதர் பாய் போலீசில் சொல்லிவிட்டார். 'நான் கீழே அளந்துகொண்டிருந்தேன், மேலே என்ன நடந்ததென்றே தெரியாது' என்றான் ராபர்ட். போலீஸ் பாயை நம்பியது. ராபர்ட்டின் மனைவி எலினா ஜெயக்கொடியை நம்பினாள்.

ஜெயக்கொடிக்கு ஒரு கணக்கு இருந்தது. கட்டடம் கௌதம்ராஜுக்குச் சொந்தம். இடித்துவிட்டு ஐந்து மாடியில் வணிக வளாகம் கட்டத் துடிக்கிறார். குறுக்கே நிற்கிறவன் ராபர்ட். ஆகவே காதர் பாயை விலைக்கு வாங்கி ராபர்ட்டை உள்ளே தள்ளியிருக்கிறார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதை நிரூபிக்க மட்டும் வழியில்லை.

"பின்வாசலுக்கு ஒரு சாவி இருக்கு தாயி."

இருவரும் திரும்பினார்கள். துணிப்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மலைச்சாமியின் மனைவி வெள்ளைத்தாய். கட்டடத்தின் பின்னால், ஒரு காலத்தில் காகித உருளை அடுக்கிவைத்த கொட்டகையில்தான் புருஷனும் பெண்சாதியும் குடியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரில யாரு இருக்கா?" என்றாள் ஜெயக்கொடி.

"பக்கத்துக் கட்டில்காரவியளப் பாத்துக்கச் சொல்லிட்டு மாத்துத் துணி எடுக்க வந்தேன். நீங்க அந்தத் தம்பிக்காகத்தான அலையுறிய. வாங்க. அது அப்படிச் செய்யுற புள்ள இல்ல. எங்க வீட்டுல உக்காந்து கஞ்சி குடிச்சிருக்கு. மாடியில வேலை பாத்தா சிமெண்டுத் தூளக்கூட அதுவே கூட்டி அள்ளிட்டுப் போவும். 'நீங்க கஷ்டப்படாதீங்க'ன்னு என்னைய வெளக்கமாத்தத் தொடவே விடாது."

ஆசிக் ஜெயக்கொடியைப் பார்த்தான். "என்னோட கேரக்டரும் இப்படித்தாங்க்கா. யாரும் சொல்ல மாட்டேங்காங்க."

*

இராஜபாளையத்தில் 'கீழ்வானம்' நாளிதழ் ஆபீஸ் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் முழிப்பார். சீப்புக் கட்டடம் என்றால் ஏறச் சொல்வார். பேப்பர் நின்று காலம் ஆகிவிட்டது. கட்டடம் மட்டும் நிற்கிறது. ஊரில் பணக்காரர்கள் எல்லாம் தூணுக்குத் தாமரை, வாசலுக்கு யாளி என்று கட்டிக்கொண்டிருந்த ஐம்பதுகளின் கடைசியில், நேர்கோடும் சிமெண்டும் கண்ணாடியும் போதும் என்று கட்டியது. கீழே ரோட்டைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி. உள்ளே பேப்பர் அச்சாவதை ஊர் ஜனம் நின்று பார்க்கட்டும் என்று வைத்தது. இப்போது தகரம் அடித்து மூடிக் கிடக்கிறது. மேலே ஆசிரியர் அறை, பாதி இழுத்துவிட்ட மேசை டிராயர் மாதிரி, ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஜன்னல் முழுக்க, மேலிருந்து கீழ்வரை சிமெண்டுப் பலகைகள் வரிசையாக நிற்கும். அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் ஊர் சீப்பு என்று பெயர் வைத்தது.

உள்ளே நுழைந்ததும் ஜெயக்கொடி ஒரு கணம் நின்றுவிட்டாள். இருட்டாக இருக்கும் என்று டார்ச் எடுத்து வந்திருந்தாள். தேவைப்படவில்லை. அச்சுக்கூடத்தின் கூரை, ஊரிலுள்ள பஞ்சாலைக் கூரைகளைப் போல ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு பல்லின் வடக்கு முகத்திலும் கண்ணாடி. வெயில் இல்லாமல் வெளிச்சம் மட்டும் பால் மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் மெஷின் போன பிறகு மிஞ்சிய குழி. அதன் விளிம்பில் போலீஸ் போட்ட சாக்பீஸ் வட்டம்.

வெள்ளைத்தாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நான் பஸ்ஸப் புடிக்கணும். பூட்டிட்டுச் சாவிய நீங்களே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாடியில் ஆசிரியர் அறைக்கு இரண்டு முகம். மேற்கே பலகை வைத்த ஜன்னல், ரோட்டுக்கு. கிழக்கே சுவருக்குப் பதில் கண்ணாடி, அச்சுக்கூடத்துக்கு. ஊரையும் பார்க்கலாம், மெஷினையும் பார்க்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குறுகலான நடை, இடுப்பளவுக்கு இரும்புக் கைப்பிடி, அதற்கப்பால் பள்ளம். நடையின் மூலையில் ஒரு தூண். சிமெண்ட் பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பி பல்லிளித்தது.

"கௌதம்ராஜ் சொன்னது பொய்யில்ல போல" என்றான் ஆசிக், தூணைத் தட்டாமல் ஒதுங்கி.

ஜெயக்கொடி தூணைப் பார்க்கவில்லை. ஜன்னலருகே நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்து பார்த்தால் நேராக நிற்பதுபோல் தெரிந்த பலகைகள், உள்ளேயிருந்து பார்க்கும்போது எல்லாமே ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. வரிசையாகப் பாதி திறந்து வைத்த கதவுகள் மாதிரி.

"ஏலே ஆசிக், இங்க வா. கோடையில சூரியன் எந்தப் பக்கம் இறங்கும்?"

"மேக்க. நாலாப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"நேர் மேக்க இல்லலே. வடக்க ஒதுங்கி இறங்கும். அந்தப் பக்கத்தப் பலகையால அடைச்சிருக்கான். தெக்கால இருந்து செங்கோட்டைக் காத்து வரும். அந்தப் பக்கத்தத் தெறந்து விட்டிருக்கான்."

"வெயிலுக்குப் 'போ', காத்துக்கு 'வா'. கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற பெரிய மாமா மாதிரி."

"வெயில் உள்ள வர முடியாத பக்கத்துல இருந்து, பார்வை மட்டும் எப்படிலே உள்ள வரும்? காதர் பாய் கடை எந்தப் பக்கம்?"

"வடக்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். முகம் மலர்ந்தது. "நீங்க கடைக்குப் போங்க. நான் இங்க நிக்கேன்."

ஜெயக்கொடி ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்தாள். மெத்தைக் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சிமெண்டு. ஒரு பலகை முடிகிற இடத்தில் அடுத்த பலகை. இடையில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. போன் அடித்தது.

"அக்கா, இப்பக் கை ஆட்டுறேன்."

"தெரியல."

"சட்டையக் கழட்டிச் சுத்துறேன்."

"தெரியல."

"இப்ப டான்ஸ் ஆடிட்டு இருக்கேன். தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலலே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளுக்குப் பசித்தது. கடைக்குள் பஞ்சுத் தூசியோடு உட்கார்ந்திருந்த ஃபயாஸைப் பார்த்து, இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டாள். "உங்க அண்ணன் எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காவ. புரட்டாசி சனிக்கிழமைக்கு மலைப் பெருமாளக் கும்பிட வர்ற கூட்டத்துக்கு ஒரு லாட்ஜ்ல மெத்தையெல்லாம் புதுசு பண்ணுறாங்க. அங்கனதான் தைக்காவ" என்றான் அவன். "மொதல்லயே இப்படிக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்."

*

லாட்ஜின் மொட்டை மாடியில் சாமியானா கட்டி, அதன் நிழலில் காதர் பாய் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், கையில் சாண் நீள ஊசி. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் ஊசியை இன்னும் வேகமாகக் குத்தினார்.

"போலீஸ்ல சொன்னதுக்கு மேல என்ட்ட ஒண்ணும் இல்லம்மா. பாத்தேன்னு சொன்னா பாத்தேன்."

"கடை வாசல்ல நின்னா?"

"கடை வாசல்ல நின்னு."

"நான் இன்னைக்கு அங்கனதான் நின்னேன் பாய். பலகை தெரிஞ்சுது. பலகைக்குப் பின்னால இவன் ஆடுன ஆட்டம் ஒண்ணும் தெரியல."

"ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் ஆசிக்.

ஊசி நின்றது. ஜெயக்கொடி விடவில்லை. வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்த எரிச்சல் வார்த்தையில் ஏறிக்கொண்டது. "ஒரு மனுசன் ஜெயில்ல கெடக்கான். அவன் பொண்டாட்டி தெனம் காலையில போன் போட்டு அழுகா. கௌதம்ராஜ் உங்களுக்கு எம்புட்டு குடுத்தாரு?"

காதர் பாய் ஊசியை மெத்தையில் குத்தி வைத்தார். இரண்டு கையையும் கோத்துக்கொண்டார்.

"நான் வித்த மெத்தையில பழைய பஞ்சு இருந்துச்சுன்னு இந்த ரெண்டு ஊர்ல ஒருத்தரச் சொல்லச் சொல்லும்மா. பொறவு இந்தக் கேள்வியக் கேளு." கோத்த கையைப் பிரித்து மெத்தையில் ஊன்றினார். "நான் பாத்தது பொய்யில்ல. பாத்த எடந்தான் பொய்."

"எந்த எடம்?" என்றாள் ஜெயக்கொடி.

"எனக்கு ஒரே மக. அஸ்ஃபியா. ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி செய்யுற கம்பெனியில வேலை பாக்குற ஒரு தெலுங்குப் பையனக் கட்டிக்கிட்டா. அவ அம்மா சம்சாத் இருக்காளே, 'அவ வாசல மிதிச்சா பொறவு இந்த வாசல மிதிக்க வேண்டாம்'னுட்டா. சொன்னாச் சொன்னதுதான். நானும் சரின்னுட்டேன். சரின்னு சொல்லிட்டு, கடையில தம்பிய உக்கார வச்சிட்டுப் பின் சந்து வழியா மக வீட்டுக்குப் போயிட்டு வாரேன். அவ வீடு அதே ரோட்டுல, கடை வரிசையிலயே, கட்டடத்துக்குத் தெக்க. மாடி வீடு. அன்னைக்கு அங்கனதான் டீக்கு உக்காந்திருந்தேன்."

"அங்க இருந்து பாத்தீங்களா?"

"அங்க இருந்து எல்லாம் தெரியும். மேல வெளிச்சம் வேற. அந்த இஞ்சினியர் தம்பி கையில சுத்தியலோட தூணுகிட்ட நிக்காரு. மலைச்சாமி அந்தச் சுத்தியலப் புடிச்சு இழுக்காரு. ஏதோ பேசுதாங்க. பொறவு தம்பி சுத்தியல விட்டுட்டு ரெண்டு கையாலயும் நெஞ்சுல ஒரு தள்ளு. கம்பி இடுப்பளவுதான. மலைச்சாமிய அங்கன காணல. நான் ஓடினேன். ஆம்புலன்சுக்குப் போன் போட்டது நாந்தான். போலீஸ் 'எங்க இருந்து பாத்தீரு'ன்னு கேட்டப்ப வாயில கடைன்னு வந்துட்டு."

"சுத்தியலப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அளவெடுக்குற சாமான்'னு எழுதிக்கிட்டாங்க."

கீழே தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. கையில் அகப்பட்ட ஒரே துரும்பும் நழுவுகிறது என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம்தான் வரவில்லை.

"நீங்க சொல்றது நெசமான்னு நான் பாக்கணும் பாய்."

"பாரு. மககிட்டப் போன் பண்ணிச் சொல்லுதேன்" என்றார் அவர். "வீட்டுல மட்டும் சொல்லிராத."

*

ஆசிக்கைக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு ஜெயக்கொடி அஸ்ஃபியாவின் வீட்டுக்கு ஏறும்போது மேற்கே மலைக்கு மேல் வெயில் மஞ்சளாகியிருந்தது. வாயும் வயிறுமாக இருந்தாள் அந்தப் பெண். அப்பா போனில் சொல்லியிருந்ததால் கேள்வி கேட்காமல் மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்த வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனா இங்க நின்னா எங்க அத்தா கடை தெரியும். அதான் புடிச்சேன்" என்றாள்.

ஜெயக்கொடி கடையைப் பார்க்கவில்லை. எதிரே சீப்புக் கட்டடம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அங்கே சுவராக நின்ற பலகைகள் இங்கே வெறும் விளிம்புகளாக மெலிந்து போயிருந்தன. அவற்றின் இடைவெளியில் ஆசிரியர் அறை, அதைத் தாண்டிக் கண்ணாடி, அதையும் தாண்டி மாடி நடை. ரம்பக் கூரையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில், நடையில் வந்து நின்ற ஆசிக்கின் சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது. அவன் இந்த முறை ஆடவில்லை. கையை மட்டும் தூக்கினான்.

"அந்த இஞ்சினியர் சார் ரொம்ப நல்ல மாதிரி" என்றாள் அஸ்ஃபியா பக்கத்தில் நின்று. "தெனமும் வந்து, இப்ப அந்த அண்ணன் நிக்காவளே, அந்தத் தூணத்தான் தட்டிக்கிட்டே இருப்பாரு. ரிப்பேர் பாக்காருன்னு நெனச்சேன். அன்னைக்கு நான் அடுப்படியில நின்னேன். அத்தா கத்துற சத்தம் கேட்டுத்தான் வெளிய வந்தேன்."

தூண். காலையில் ஏறிட்டுக்கூடப் பார்க்காத தூண். ஜெயக்கொடி போனைக் காதில் வைத்தாள்.

"ஆசிக், அந்தத் தூண்ல தெரியுதே கம்பி, அதத் தொட்டுப் பாரு. துரு ஒட்டுதா?"

எதிரே ஆசிக் குனிந்தான். விரலைத் தேய்த்தான். சட்டையில் துடைத்தான். மறுபடி தேய்த்தான்.

"துருவே இல்லக்கா. உளி பட்ட எடம் பளபளன்னு இருக்கு."

இன்சூரன்ஸில் இருந்தபோது மழையில் இடிந்ததாகச் சொல்லி எத்தனையோ பேர் கட்டடத்துக்குக் கிளெய்ம் கேட்டு வந்ததைப் பார்த்தவள் அவள். கம்பி துருப்பிடித்து ஊதினால்தான் சிமெண்ட் தானாக வெடித்து விழும். துரு இல்லாத கம்பி வெளியே தெரிகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்படின்னா" என்றான் ஆசிக் போனில், மெதுவாக, "இந்தத் தூணுக்கு வயசாகல. யாரோ வயசாக்கியிருக்கான்."

சிமெண்டுத் தூளை அவனே கூட்டி அள்ளிக்கொண்டு போவான் என்று வெள்ளைத்தாய் பெருமையாகச் சொன்னது அவள் காதில் ஓடியது. அந்தம்மா அதை நற்குணம் என்று நம்பிச் சொன்னாள். தானும் நம்பிக் கேட்டோம். ஜெயக்கொடி மாடிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். கட்டடத்தைக் காப்பாற்றப் போராடியவனே 'இதைக் காப்பாற்ற முடியாது' என்று சொன்னால் யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? கௌதம்ராஜ் தேடியது இடிக்கிற ஆளை இல்லை. இடிக்கலாம் என்று சொல்கிற ஆளை.

"அக்கா" என்றான் ஆசிக், அஸ்ஃபியாவின் வீட்டுப் படியேறி வந்து. "நாம இப்ப யாருக்கு வேலை பாக்கோம்?"

"தெரியலலே."

"பலகை விஷயத்த மட்டும் நாளைக்கு வக்கீல்ட்ட சொன்னாப் போதும். கடை வாசல்ல இருந்து தெரியாதுன்னு ஜட்ஜே வந்து பாத்துக்கிடட்டும். ராபர்ட் வெளிய வந்துருவாரு. பாய் வீட்டு விஷயமும் வெளிய வராது. எலினா அக்காவுக்குச் சந்தோசம். எல்லாம் சுமுகம்." அவன் குரலில் கிண்டல் இல்லை. அவளை ஆழம் பார்த்தான்.

"மலைச்சாமிக்கு?"



*

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில், வேப்பமரத்தடியில் நிற்க வைத்து எலினாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள் ஜெயக்கொடி. பலகையையும் சொன்னாள், தூணையும் சொன்னாள். எலினா கையில் டிபன் தூக்கு இருந்தது. கேட்டு முடிக்கும்வரை அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேயிருந்தாள்.

"அவரக் காப்பாத்தத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"ஆமா."

"பலகை விஷயத்தோட நிப்பாட்டியிருக்கலாமேக்கா."

ஒரு வாரம் அலைந்து ஜெயக்கொடி கண்டுபிடித்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பலகைதான். அதைத் தானே உடைத்துப் போட்டுவிட்டு நிற்கிறோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

"நான் அவருகிட்டயே கேக்கேன்" என்று நடந்தாள் எலினா.

வராந்தா பெஞ்சில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ராபர்ட் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மனைவியைக் கண்டதும் எழுந்தான். ஜெயக்கொடியைப் பார்த்து, "ஏதாவது கெடச்சுதா மேடம்?" என்றான் ஆவலாக.

"அந்த மாடி நடைத் தூண்ல கம்பி எப்படி வெளிய வந்துச்சு?" என்றாள் எலினா.

எதிர்பாராத கேள்வி. ஆனால் அவனுக்குப் பிடித்த பாடம். தன்னையறியாமல் சொல்ல ஆரம்பித்தான். "பழைய கட்டடம்ல. ஈரம் இறங்கும், கம்பி துருப்பிடிச்சு ஊதும், ஊதுனா மேல இருக்க சிமெண்ட்…"

"துருவே இல்லையாம்."

ராபர்ட் நிறுத்தினான். எலினாவைப் பார்த்தான், பிறகு ஜெயக்கொடியை. போலீஸ்காரர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"படிச்சு முடிச்ச நாள்லேருந்து ஒரு கட்டடமாவது நானா கட்டணும்னு கெடந்தேன் எலினா. உனக்குத் தெரியும். ஒருத்தரும் குடுக்கல. காப்பாத்தணும்னு பேசினா கை தட்டினாங்க. கட்டித் தாரேன்னா யாரும் வரல. கௌதம்ராஜ் சார் வந்தாரு. 'இது தாங்காதுன்னு நீ எழுதிக் குடு, இதே எடத்துல அஞ்சு மாடி நீயே கட்டு'ன்னாரு. தூண் நல்லா இருந்துச்சு. அவ்வளவு நல்லாக் கட்டியிருந்தாங்க. நான்தான்…" அவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அவரு சுத்தியல விடல. 'ஏன்யா இத ஒடைக்க, ஏன்யா ஒடைக்க'ன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. தள்ளணும்னு நெனைக்கல. அவரு வாய மூடணும்னு மட்டுந்தான் நெனச்சேன்."

எலினா டிபன் தூக்கைப் பெஞ்சில் வைத்தாள். திரும்பி நடந்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் காதர் பாய் வந்துகொண்டிருந்தார். துவைத்த சட்டை, தலையில் தொப்பி. ஜெயக்கொடியைக் கண்டு நின்றார். "அரசாங்க வக்கீலப் பாக்கணும். எங்க நின்னு பாத்தேன்னு நெசத்தச் சொல்லணும்" என்றார்.

"வீட்டுக்குத் தெரிஞ்சிருமே பாய்."

"ராத்திரியே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா. பேசல." தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஜாமீன் மனுவை ராபர்ட்டின் வக்கீலே அன்று வலியுறுத்தவில்லை. ஆசிக் மட்டும் பொறுக்கமாட்டாமல் கௌதம்ராஜுக்குப் போன் போட்டான். எந்த ராபர்ட் என்று கேட்டார் அவர். தன்னிடம் யாரும் எதையும் எழுதித் தரவில்லை, தான் யாரையும் எதையும் கேட்கவுமில்லை, கட்டடத்தை என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவேயில்லை என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவர் சொன்னதை அசைக்கவும் வழியில்லை.

"இந்த மனுசன் தப்பிச்சிருவாருல்ல?" என்றான் ஆசிக்.

"இன்னைக்குத் தப்பிச்சிருவாரு" என்றாள் ஜெயக்கொடி. கேஸ் முடிந்துவிட்டது. யார் தள்ளியது, எதற்குத் தள்ளியது, எல்லாம் தெரிந்தாகிவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்று தட்டிக்கொடுத்துக்கொள்ள ஒரு தோள்கூட இல்லை.

கோர்ட்டுக்கு வெளியே, ரோட்டோரம் எலினா தனியாக நின்றுகொண்டிருந்தாள். அழுதிருந்தாள்; முகத்தைக் கழுவியும் இருந்தாள். ஜெயக்கொடி பக்கத்தில் போய் நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"மதுரை பஸ் இங்கன நிக்குமா, பஸ் ஸ்டாண்டு போகணுமாக்கா?"

"மதுரைக்கா?"

"மலைச்சாமி சம்சாரம் பக்கத்துக் கட்டில்காரங்க தயவுல இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல."

"அங்க போயி என்னம்மா சொல்லுவே?"

"தெரியல" என்றாள் எலினா. "வெரட்டி விட்டா வந்துருதேன்."

தூரத்தில் மதுரை பஸ் வளைவில் திரும்பியது. ஆசிக் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றான். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். எலினா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து ஜெயக்கொடியும் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, கண்டக்டரிடம், "ரெண்டு மதுரை" என்றாள்.